எல்லைக்கல்லில் உடைந்த தேங்காய்

வாங்கோ ஐயா, உள்ளுக்கு வாங்கோ. செருப்போட வரலாம், பரவாயில்லை. இல்லை, வேண்டாம், கழட்டிப்போட்டே வாங்கோ, பூபதி அறிஞ்சால் என்னைப் பேசுவா. பூபதி என்ர மனிசி. இப்ப வீட்டில இல்லை, விடியவே ஆசுபத்திரிக்குப் போட்டா. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. அதாவது, எங்கட வீட்டில ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான். இதில இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், அதில இப்ப ஒருத்தரும் இருக்கிறேல்லை. ஃபோனை இந்த ஸ்டூலில வைக்கிறன், குறை நினையாதேங்கோ. அடிச்சால் நான் கட்டாயம் எடுக்கவேணும்.

விளம்பரம் பாத்து வந்தவையில நீங்கள் நாலாவது ஆள். எல்லாரும் முதல் கேக்கிறது ஒண்டுதான், அக்கம்பக்கம் எப்பிடியெண்டு. நான் ஒளிக்கமாட்டன். ரத்மலானையில எங்கட ஆக்கள் கன பேர் இருக்கினம். ஆனால் இந்த ஒழுங்கையில பதினெட்டு வீட்டில நாங்கள் மட்டும்தான் தமிழ். பத்தொன்பது வருசம், ஒரு கரைச்சல் இல்லை. பிறகேன் விக்கிறனெண்டு கேப்பியள். வயசு போட்டுது, யாழ்ப்பாணத்தில மகளோட போய் இருப்பமெண்டுதான். வேற ஒரு காரணமும் இல்லை.

உங்களுக்குச் சிங்களம் ஓடுமோ? கொஞ்சம் கொஞ்சம், என்ன? எல்லாரும் அப்பிடித்தான். நான் இருபத்தாறு வருசம் எங்கட உத்தியோகத்தருக்குச் சிங்களம் படிப்பிச்சனான். சொல்லைப் பாடமாக்கினால் சோதினை பாஸ் பண்ணலாம், மனிசரோட கதைக்கேலாது. வேர் தெரியவேணும். இப்ப பாருங்கோ, ஒரு வீட்டில இருந்து வெளிக்கிடேக்க அவையள் வெறுமனே போறன் எண்டு சொல்லமாட்டினம். கிஹில்லா என்னம் எண்டுவினம். போட்டு வாறன். எங்களைப் போலத்தான். செத்த வீட்டில மட்டும் அதைச் சொல்லாமல் எழும்பிப் போவினம், அதுவும் எங்களைப் போலத்தான். உதவி செய்தால் நன்றி எண்ட சொல் புத்தகத்தில இருக்கு, வாயில வாறது பொஹோம பிங். உங்களுக்குப் புண்ணியம் சேரட்டும் எண்டு. என்னால திருப்பித் தரேலாது, அடுத்த பிறப்பிலயும் அது உங்களோட வரும் எண்ட எண்ணம். இதையெல்லாம் நான் ஒரு தடிச்ச சி.ஆர். கொப்பியில எழுதி வைச்சிருந்தனான். நானூற்றிப் பன்னிரண்டு வாக்கியம். ஒவ்வொண்டுக்கும் வேர். பெரிய பெரிய பேராசிரியர்மாரிட்டையே அப்பிடி ஒண்டு இல்லை.

ஆர் சொல்லித் தந்ததோ? நானாத் தேடினதுதான். பக்கத்து வீட்டு யசவதியிட்டயும் கொஞ்சம் கேட்டனான். கொஞ்சமெண்டால், ஒரு அரைவாசி இருக்கும். பின்னேரத்தில மதிலுக்கு அங்கால நிண்டு பயறு புடைச்சுக்கொண்டு சொல்லுவா, நான் இஞ்சால நிண்டு எழுதுவன். ஆனால் அவ சொன்னதைச் சரிபிழை பாத்து ஒழுங்குபடுத்தினது நான். அதையும் சொல்லவேணும்.

பொறுங்கோ, ஃபோனோ? இல்லை. கொம்பனிக்காரன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான்.

யசவதியின்ர மனிசன் விதானகே, ரயில்வேயில கார்டா இருந்து பென்ஷன் எடுத்தவர். ஒரே ஒரு மகள், நிலூஷா. நாங்கள் இஞ்ச குடிவரேக்க அவள் பள்ளிக்கூடச் சட்டையோட திரிஞ்சவள். கலியாணம் கட்டி ஒன்பது வருசம் பிள்ளையில்லை. போகாத கோயில் இல்லை, விகாரை இல்லை, டொக்டர் இல்லை. பூபதியும் அவளுக்காக வெள்ளிக்கிழமை விரதம் பிடிச்சவ. இந்த வருசம்தான் ஒண்டு தங்கினது. பெறுமட்டும் தாய்வீட்டில இருக்கட்டுமெண்டு கூட்டிக்கொண்டு வந்திட்டினம்.

அங்கதான் பிரச்சினை துவங்கினது. பிரச்சினையெண்டு சொல்லக்கூடாது. ஒரு சின்ன மனஸ்தாபம்.

இந்த ஒழுங்கையில மழைத்தண்ணி ஓடுற கான் எங்கட கேற்றைத் தாண்டி, அவையின்ர கேற்றடியால போய்த்தான் பெரிய கானில விழும். டெங்கு நுளம்பு வரும், வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீடு எண்டு, விதானகே தன்ர கேற்றடியில கானுக்கு மண் போட்டு மூடிப்போட்டார். ஒரு சொல் எங்களிட்டக் கேக்கேல்லை. ஐப்பசி மழை உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு பின்னேரம் கொட்டினது, தண்ணி போக வழியில்லாமல் எங்கட வீட்டுக்குள்ள முழங்கால் மட்டும் நிண்டுது. கட்டில் போனால் போகட்டும். அலுமாரியின்ர கீழ்த்தட்டில கொப்பி. நீல மை. எடுத்துப் பிரிக்கிறன், ஒவ்வொரு பக்கமும் நீலமா வழியுது. இருபத்திரண்டு வருசம் ஐயா. நான் அழுதனான். வெக்கமில்லாமல் சொல்லுறன், இந்தக் கதவடியில தண்ணிக்குள்ள நிண்டு அழுதனான்.

போய்க் கேட்டன். கூடாத சொல் ஒண்டும் பாவிக்கேல்லை. சுத்தமான சிங்களம், மேடையில பேசிற சிங்களம். ஒழுங்கை முழுக்க வெளியில வந்து நிண்டு பாத்தது. விதானகே சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையில மண்வெட்டியோட நிண்டவர். நான் முடிக்குமட்டும் கேட்டிட்டு, ஆறுதலாச் சொன்னார்:

"சேர், ஒயா சிங்ஹல தன்னவா. அபிவ தன்னே நெஹே."

உங்களுக்குச் சிங்களம் தெரியும், எங்களைத் தெரியாது. அவ்வளவுதான். ஒருத்தரும் சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

அது செவ்வாய்க்கிழமை. புதனும் வியாழனும் வீடு கழுவினம். வெள்ளிக்கிழமை காலமை நான் ஒரு தேங்காய் அடிச்சனான்.

அதில என்ன இருக்கு, சொல்லுங்கோ. நீங்களும் சைவம்தானே. வெள்ளம் வந்து கழுவின வீடு, வெள்ளிக்கிழமை, பிள்ளையாருக்கு ஒரு சிதறுதேங்காய். ஊரில எந்தக் காரியத்துக்கும் அடிக்கிறதுதானே. பூபதி கோயிலில போய் அடியுங்கோ எண்டவ, ஓட்டோவில பத்து நிமிசம்தான். எனக்கு அண்டைக்கு ஓட்டோவில ஏற மனமில்லை. வாசலில அடிச்சன். வாசலிலயும் கல்லில்லை, நிலமெல்லாம் சேறு. அந்த எல்லைக்கல் இருக்குத்தானே, எங்கட மதிலுக்கும் அவையின்ர கேற்றுக்கும் நடுவில, நில அளவைக்காரர் நட்ட கல், அதிலதான் அடிக்கக்கூடியதா இருந்தது. காலமை ஆறு மணி. யசவதி முத்தம் கூட்டிற நேரம் அது. நான் அந்த நேரத்தைப் பாத்துப் போகேல்லை. அது தற்செயல்.

அவ விளக்குமாறோட நிமிர்ந்து பாத்தவ. முகம் சுண்ணாம்பாப் போச்சுது.

என்னெண்டால், ஐயா, உங்களுக்கு இது தெரியாமலிருக்கலாம். அவையளும் கோயிலுக்குப் போனால் நேர்த்திக்குத் தேங்காய் அடிப்பினம். ஆனால் பொல் கஹனவா, தேங்காய் அடிப்பன் எண்டு ஒருத்தர் இன்னொருத்தரைப் பாத்துச் சொன்னால் அது வேற. களவு போனால், அநியாயம் நடந்தால், பொலிசில நம்பிக்கை விட்டவை தேவாலயத்துக்கு, அவையின்ர தெய்வக் கோயிலுக்குப் போய், தெய்வத்திட்ட முறைப்பாடு வைச்சு, தேங்காயை நிலத்தில அடிப்பினம். அநியாயம் செய்தவன் சிதறிப்போகட்டுமெண்டு. சந்தையில, பஸ்ஸில, சண்டை வந்தால் பொல் கஹனவா எண்டு வெருட்டிறது அதில இருந்து வந்ததுதான். கொப்பியில நூற்றிப்பதினாறாம் பக்கம். விரிவா எழுதியிருந்தனான். யசவதியின்ர தாய் ஒருக்கா மாடு களவு போனதுக்கு அடிச்சவவாம். மூண்டு மாசத்தில ஒரு வீட்டில ஒரு பிள்ளை செத்துதாம். அந்தப் பிள்ளைதான் ஏன் சாகவேணும், அது மாட்டைக் கண்டதோ எண்டு தாய் சாகுமட்டும் புலம்பினவவாம். இதைச் சொல்லேக்க யசவதி பயறு புடைக்கிறதை நிப்பாட்டிப்போட்டா. இதை எழுதாதேங்கோ சேர் எண்டும் சொன்னவ. நான் எழுதினனான். ஆராய்ச்சிக்கு வேணும்தானே.

அதுக்காக ஒரு தமிழன் தன்ர வாசலில பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்கேலாதோ?

சத்தமாச் சொன்னதோ? ஆர் சொன்னது உங்களுக்கு? ஓ, கடைக்காரியிட்ட வழி கேட்டனீங்கள் என்ன. அவ ஒண்டைப் பத்தாச் சொல்லுவா. நான் பிள்ளையாரப்பா எண்டுதான் சொன்னனான். பிறகு வாயில வந்தது ஒரு சாதாரண வாக்கியம். தெய்யோ பலாகனீ. தெய்வம் பாத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நூறு தரம் அவையள் சொல்லுறது. பஸ்காரன் ஏத்தாமல் போனாலும் சொல்லுவினம்.

சிங்களத்திலதான் சொன்னனான். பிள்ளையாருக்குச் சிங்களம் விளங்காதோ?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிலூஷாவுக்கு இரத்தம் பட்டிட்டுது. ஒரு வாடகை வானில தூக்கிக்கொண்டு ஓடிச்சினம். நாலு நாள் வைச்சிருந்து, குழந்தை இன்னும் இருக்கு, ஆனால் கட்டிலை விட்டு எழும்பக்கூடாதெண்டு அனுப்பினவை. எட்டு வயசுப் பிள்ளைக்கும் தெரியும், வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஆயிரம் காரணத்தால இரத்தம் படும். தேங்காயால படுறதில்லை. நான் படிச்சவன், நான் அதை நம்பிறேல்லை.

ஆனால் ஒழுங்கை நம்பினது. ஒருத்தரும் ஒரு சொல் சொல்லேல்லை, அதுதான் பயம். சண்டைக்கு வந்தால் கதைக்கலாம். நான் கடைக்குப் போனால் கடைக்காரி பாணைச் சுத்தித் தந்திட்டு மற்றப் பக்கம் பாப்பா. வழமையா வாற ஓட்டோக்காரன் பெற்றோல் இல்லையெண்டான். காலமை எழும்பிப் பாத்தால் அந்தத் தேங்காய்ச் சிதறல் அப்பிடியே கிடக்கு. காகம்கூடத் தொடேல்லை எண்டு பூபதி சொன்னா. காகம் தொட்டிருக்கும், அவ காணேல்லை. நான் நித்திரை கொள்ளேல்லை. எங்க ஒரு கல் வந்து யன்னலில விழுமோ எண்டு இல்லை. அந்த வீட்டில இருந்து ஒரு அழுகைச் சத்தம் வருமோ எண்டு.

நிலூஷா வீட்டுக்கு வந்த அடுத்த நாள் யசவதி வந்தா. வெள்ளைச் சாரி உடுத்து, தனிய. கையில ஒரு அடுக்கு வெத்திலை. வெத்திலை குடுத்தால் அவையளிட்ட அதுக்கு மேல கதை இல்லை, ஐயா. கலியாணத்துக்குச் சொல்லுறதும் அதாலதான், பிழை பொறுக்கச் சொல்லிக் கேக்கிறதும் அதாலதான். அதை வாங்கினால் வாங்கினதுதான். ரெண்டு கையாலும் நீட்டிக்கொண்டு என்ர காலடியில குனிஞ்சா. கான் மூடினது எங்கட பிழை எண்டா. விதானகே கோவத்தில சொன்னதைத் தான் பொறுப்பெடுக்கிறன் எண்டா. ஒண்டே ஒண்டுதான் கேட்டா.

"சேர், நீங்கள் வைச்சதை நீங்கள்தான் எடுக்கவேணும். எடுத்திட்டன் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ."

நான் என்ன சொல்லுறது? சாபம் போட்டவன்தான் சாபம் எடுக்கலாம். நான் போடேல்லை. எடுத்திட்டன் எண்டு சொன்னால் போட்டன் எண்டு ஒப்புக்கொள்ளுறது. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு? அதைத்தான் நல்ல சிங்களத்தில விளக்கிச் சொன்னன். கொப்பி நனைஞ்சதையும் சொன்னன். அவ குனிஞ்சபடியே கேட்டுக்கொண்டிருந்தா. வெத்திலையை நான் வாங்கேல்லை.

கடைசியில எழும்பி, அதை அந்தக் கதிரையில வைச்சிட்டுத் திரும்பிப் போனா. கேற்றைத் திறந்தா, சாத்தினா. கிஹில்லா என்னம் எண்டு சொல்லேல்லை. பத்தொன்பது வருசத்தில அவ அதைச் சொல்லாமல் இந்த வாசலால இறங்கினது அண்டைக்குத்தான். என்ர வீட்டைச் செத்த வீடாக்கிப்போட்டுப் போறா எண்டு எனக்கு நெஞ்சு பத்தினது. பூபதி குசினிக்குள்ள நிண்டு எல்லாம் கேட்டவ. வந்து அந்த வெத்திலையை எடுத்து ஒரு டம்ளரில தண்ணி விட்டு வைச்சா. அந்தா, சாமித்தட்டுக்குக் கீழ. பதினாறு நாளாத் தண்ணி மாத்திறா. பாதி மஞ்சளாப் போச்சுது, எறியவும் விடுறாவில்லை. என்னோட கதைக்கவும் இல்லை. எங்க சாப்பாடு, எங்க சாவி, அவ்வளவுதான் கதை.

வெள்ளம் இனி வருமோ எண்டு கேட்டனீங்கள். வராது. யசவதி வந்து போன அண்டு பின்னேரமே விதானகே அலவாங்கு எடுத்துக் கானைக் கிண்டித் திறந்திட்டார். அறுபத்தெட்டு வயசில, ஆளை வைக்காமல் தானே நிண்டு. நான் யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருக்கா இளைப்பாறி நிமிர்ந்து இஞ்ச பாத்தார். நான் திரைச்சீலையை விட்டிட்டன்.

இண்டைக்கு விடிய நாலரைக்கு நிலூஷாவுக்குத் திரும்ப வலி. ஏழு மாசம்தான். வானில ஏத்தேக்க பூபதி ஓடிப்போய் அவளின்ர தலையைத் தன்ர மடியில வைச்சுக்கொண்டு ஏறிட்டா. என்னைக் கேக்கேல்லை. வான் வெளிக்கிடேக்க எல்லைக்கல்லைத் தாண்டித்தானே போகவேணும். சாரதி அதில நிப்பாட்டிப்போட்டு, ஒதுங்கி, மற்றக் கரையால சுத்தி எடுத்தவன். நான் வாசலில நிண்டனான். என்னை ஒருத்தரும் பாக்கேல்லை. வயித்தை வெட்டித்தான் எடுக்கவேணுமாம். பத்து மணிக்கெண்டு சொன்னவை. இப்ப என்ன நேரம்? பதினொண்டே முக்கால்.

அறையளைக் காட்டிறன், வாங்கோ. மூண்டு அறை. இது... இருங்கோ. அடிக்குது.

ஹலோ. பூபதி. ஓமப்பா, நான்தான், சொல்லும். முடிஞ்சுதோ? ஓம். ஓம். எவ்வளவு? அழுததோ? அழேல்லையோ. இல்லை, கேக்குது, நான் நிக்கிறன், சொல்லும். தாய்? சரி. சரி. ஆர் பக்கத்தில? வேண்டாம். பூபதி, குடுக்காதையும், நான் பிறகு... பூபதி.

நங்கி.

நங்கி, மம தெனகெனமய் கெஹுவே. மட்ட சமாவென்ன.

ஓம். ஓம், நங்கி.

ஒரு நிமிசம் ஐயா. அந்தச் செம்பில தண்ணி இருக்கு, எடுத்துத் தாங்கோ.

பொம்பிளைப் பிள்ளை. ஒரு கிலோ நானூறு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கினம், மெஷின்தான் மூச்சு விடுது. நாளை விடியுமட்டும் ஒண்டும் சொல்லேலாதாம்.

நான் என்ன சொன்னனானெண்டு விளங்கினதுதானே. தங்கச்சி, தெரிஞ்சுகொண்டுதான் அடிச்சனான், என்னை மன்னிக்கவேணும் எண்டு யசவதியிட்டச் சொன்னனான். ஓம் ஐயா, தெரிஞ்சுகொண்டுதான். அந்த ஆறு மணியையும் தெரிஞ்சுதான், அந்தக் கல்லையும் தெரிஞ்சுதான். வியாழக்கிழமை இரவு முழுக்க அதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். அவவுக்கு நோகவேணும், விதானகேக்கு நோகவேணும், அதுக்கு அவையின்ர தாய்மொழியில எது நோகுமெண்டு எனக்குத் தெரியும், அவதானே சொல்லித் தந்தவ. பிள்ளையை நான் நினைக்கேல்லை. சத்தியமாப் பிள்ளையை நினைக்கேல்லை. நினையாததுதான் பிழை.

அவ, நர்ஸ் கூப்பிடுறா, கிஹில்லா என்னம் சேர் எண்டு சொல்லிப்போட்டு வைச்சா.

நீங்கள் வந்த வாகனம் வெளியிலதானே நிக்குது? வீட்டைப் பிறகு பாப்பம். இல்லை, பாக்கவே வேண்டாம், விக்கிறதைப் பற்றிப் பூபதியோடதான் கதைக்கவேணும், அவவிட்ட நான் அதுவும் கேக்கேல்லை. என்னை ஆசுபத்திரியில விட்டால் காணும். சந்தியில ஒரு வெத்திலைக் கடை இருக்கு, அதில ஒருக்கா நிப்பாட்டுங்கோ. அந்த டம்ளரில இருக்கிறது வேண்டாம், அதைத் தொடாதேங்கோ, அது அவ எனக்குத் தந்தது. நான் குடுக்கிறதெண்டால் புதுசு வேணும்.

எப்பிடிக் குடுக்கிறதெண்டு கொப்பியில எழுதி வைச்சிருந்தனான், அதுவும் நனைஞ்சு போச்சு. ஆனால் ஞாபகம் இருக்கு. ரெண்டு கையாலும் நீட்டி, காலடியில குனியவேணும். என்ர முழங்கால் சரியில்லை ஐயா, தனியக் குனிஞ்சால் எழும்பேலாது. நீங்களும் உள்ளுக்கு வந்து என்னை ஒருக்காப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.